கிளார்க்கின் வகுப்பறைகள்

என் அண்ணன் மகள் மின்னியல் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். செமஸ்டர் தேர்வுக்கு முந்தைய நாட்களில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். சாப்பாட்டு மேசையின் ஒரு பக்கம் நான் விடைத்தாள் கட்டோடு உட்கார்ந்திருப்பேன். மறுபக்கம் அவள் நோட்டுகளோடு. ஒருநாள் இரவு ‘கிளார்க் டிரான்ஸ்ஃபர்மேஷன்’ என்று அவள் திரும்பத் திரும்பச் சொல்லிப் படிப்பது காதில் விழுந்தது. எனக்குக் கிளார்க் என்றால் அலுவலகக் குமாஸ்தாதான். “யாருடி அந்தக் கிளார்க்?” என்று விளையாட்டாகக் கேட்டேன்.

“தெரியல அத்தை. யாரோ ஒரு வெள்ளைக்காரர்.”

அவள் ‘வெள்ளைக்காரர்’ என்றாள். தமிழின் மரியாதை விகுதி ஆணா பெண்ணா என்று காட்டிக்கொடுக்காது. ஆனாலும் என் மனதில் உடனே வந்து நின்றது கோட்டு அணிந்த ஓர் ஆண். பதினைந்து ஆண்டுகளாகப் பெண்ணியத் திறனாய்வு வகுப்பெடுக்கும் என் மனதில்! அவள் தூங்கப்போன பிறகு தேடிப் பார்த்தேன். எடித் கிளார்க். 1883இல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் ஒரு பண்ணைக் குடும்பத்தில் பிறந்த பெண். மின்சாரத்தைத் தொலைதூரம் கொண்டுசெல்வது குறித்து வாழ்நாள் முழுக்க ஆய்வு செய்தவர். 1947இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பேராசிரியர் ஆனவர்.

அன்றிலிருந்து அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். படிக்கப் படிக்க அவர் மீது மதிப்பு வளர்ந்தது. அவரைப் பற்றி எழுதப்படும் முறை மீது எரிச்சலும் வளர்ந்தது. இந்தக் கட்டுரை இரண்டையும் பற்றியது.

*

கிளார்க்கின் வாழ்க்கைக் குறிப்புகள் எல்லாமே ஒரே சொல்லில் கோத்த மாலைகளாக இருக்கின்றன. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மின்பொறியியல் முதுநிலைப் பட்டம் பெற்ற முதல் பெண், 1919. அமெரிக்காவில் மின்பொறியாளராகப் பணியமர்த்தப்பட்ட முதல் பெண், 1922. அமெரிக்க மின்பொறியாளர் கழகத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆய்வுரை வாசித்த முதல் பெண், 1926. மின்பொறியியல் பேராசிரியரான முதல் பெண், 1947. அந்தக் கழகத்தின் ஃபெல்லோவான முதல் பெண், 1948. முதல், முதல், முதல்.

‘முதல் பெண்’ என்ற தொடர் அந்தப் பெண்ணைப் பாராட்டுவதுபோல் தோன்றும். உண்மையில் அது கதவை மூடி வைத்திருந்த நிறுவனத்தையும் சேர்த்துப் பாராட்டிவிடுகிறது. திறந்த நாள் மட்டும் குறிப்பில் ஏறும். அதுவரை மூடியிருந்த ஆண்டுகளை யாரும் எண்ணுவதில்லை. எண்ணிப் பாருங்கள். கிளார்க் வாசர் கல்லூரியில் கணிதமும் வானியலும் படித்து வெளியே வந்தது 1908இல். பொறியாளர் என்ற பதவி கிடைத்தது 1922இல், முப்பத்தொன்பதாம் வயதில். நடுவில் பதினான்கு ஆண்டுகள். 1926இல் அந்த மேடையில் ஆய்வுரை வாசித்தவரை, அதே கழகம் ஃபெல்லோவாக ஏற்க இருபத்திரண்டு ஆண்டுகள். பேராசிரியர் பதவி வந்தபோது அவருக்கு வயது அறுபத்து நான்கு. நம் ஊரில் கல்லூரி ஆசிரியர் ஓய்வு பெற்று, ஓய்வூதியத்துக்கு வாழ்நாள் சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருக்கும் வயது.

எனவே ‘முதல்’ என்ற சொல்லை ஓரமாக வைத்துவிட்டு வேறொரு சரடைப் பிடித்து அவர் வாழ்க்கையை வாசித்துப் பார்த்தேன். அவர் எந்தெந்த வகுப்பறைகளில் நின்றார்? எதற்காக நின்றார்?

*

முதல் வகுப்பறை, பட்டம் பெற்றவுடன் கிடைத்தது. சான்ஃபிரான்சிஸ்கோவில் பெண்களுக்கான ஒரு தனியார் பள்ளியில் கணிதம். அதன்பின் மேற்கு வர்ஜீனியாவில் ஹன்டிங்டன் நகரின் மார்ஷல் கல்லூரியில். படித்த பெண்ணுக்கு அன்றைய அமெரிக்கா மறுப்பில்லாமல் தந்த வேலை அதுதான். நம் வீடுகளில் “டீச்சர் வேலைன்னா பொண்ணுக்குப் பாந்தமா இருக்கும்” என்பார்களே, அதே பாந்தம்.

இந்த இடத்தில் ஒரு விவரத்தைச் சொல்லியாக வேண்டும். ஒன்பது பிள்ளைகளில் ஒருவரான கிளார்க்குக்குப் பன்னிரண்டு வயதாகும்போது தாயும் இல்லை, தந்தையும் இல்லை. தன் பங்காகக் கைக்கு வந்த சொத்தை அவர் வாசர் கல்லூரிப் படிப்புக்குச் செலவழித்தார். வாழ்க்கைக் குறிப்புகள் இதை ஒரு வரியில் கடந்துபோகின்றன, அனாதைச் சிறுமியின் மன உறுதி என்று. எனக்கு இது மன உறுதியின் கதையாக மட்டும் தெரியவில்லை. அந்தப் பெண்ணின் பெயரில் பணம் இருந்தது. அதை எதற்குச் செலவழிப்பது என்று அவளே தீர்மானிக்க முடிந்தது. சொத்துரிமையைப் பேசாமல் பெண்கல்வியைப் பேசுவது பாதிக் கணக்கு.

1911இல் ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கட்டடப் பொறியியல் சேர்ந்தார். ஓராண்டு முடிந்து கோடை விடுமுறையில் ஏ.டி. அண்ட் டி. தொலைபேசி நிறுவனத்தில் வேலைக்குப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். அவருடைய பதவியின் பெயர் கம்ப்யூட்டர்.

அன்று கம்ப்யூட்டர் என்பது இயந்திரம் அல்ல. ஒரு மனிதர், பெரும்பாலும் ஒரு பெண். ஹார்வர்ட் வானாய்வகத்தில் விண்மீன்களின் ஒளியை அளந்து எண்களாக எழுதிய பெண்களையும் அப்படித்தான் அழைத்தார்கள். சமன்பாட்டை எழுதுவது பொறியாளர் என்ற ஆணின் வேலை. அதில் எண்களைப் போட்டு, பக்கம் பக்கமாகக் கணக்கிட்டு, விடையை மேசையில் கொண்டுவந்து வைப்பது கம்ப்யூட்டரின் வேலை. கிளார்க் அங்கே ஜார்ஜ் கேம்ப்பெல் என்ற ஆய்வாளருக்குக் கணக்கிட்டுக் கொடுத்தார்; முதல் உலகப்போர்க் காலத்தில் கணக்கிடும் பெண்கள் குழுவுக்குத் தலைமை தாங்கினார்; இரவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் படித்தார்.

‘கணினி’ என்ற நம் சொல், ‘மாணவி’, ‘தோழி’ போல, எப்போதும் என் காதில் பெண்பாலாகத்தான் ஒலிக்கும். அதன் காரணம் ஏதோ இலக்கண மயக்கம் என்று நினைத்திருந்தேன். வரலாறும் அதைத்தான் சொல்கிறது என்று கிளார்க்கைப் படித்தபோதுதான் தெரிந்தது.

இந்தக் கம்ப்யூட்டர் வேலையைப் பழங்கதை என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில், தரமதிப்பீட்டுக் குழு வருகிறதென்றால் ஐந்தாண்டுப் புள்ளிவிவரங்களை அட்டவணையாக்கும் பணி துறைதோறும் பெண் ஆசிரியர்களுக்கே வரும். “நீங்கதான் மேடம் பொறுமையா செய்வீங்க.” குழுவின் முன் அந்த அட்டவணையைத் திரையில் காட்டி விளக்கும் பணி ஆண் ஆசிரியர்களுக்குப் போகும். அந்தப் ‘பொறுமை’ என்ற சொல்லைக் கேட்டு இரண்டு ஆண்டுகள் நான் பூரித்திருக்கிறேன். மூன்றாம் ஆண்டில்தான் கணக்குப் புரிந்தது.

*

இரண்டாவது வகுப்பறை கான்ஸ்டான்டினோபிளில் இருந்தது. அங்கே அவர் போய்ச்சேர்ந்த விதம் முக்கியமானது.

1919இல் முதுநிலைப் பட்டத்தோடு கிளார்க் வேலை தேடினார். மின்பொறியாளராக அவரை எடுத்துக்கொள்ள யாரும் முன்வரவில்லை. ஸ்கெனெக்டடி நகரில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் ஒரு வேலை தந்தது: டர்பைன் பொறியியல் துறையில் கணக்கிடும் பெண்களுக்கு மேற்பார்வையாளர். பட்டத்துக்கு முன் செய்த அதே வேலை, பட்டத்துக்குப் பின்னும்.

அந்த நாற்காலியில் இருந்துகொண்டே அவர் ஒரு கருவியை உருவாக்கினார். நீளமான மின்கம்பித் தடத்தின் ஒரு முனையில் இருக்கும் மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் வைத்து மறுமுனையின் அளவுகளைக் கண்டறியக் கடினமான சமன்பாடுகளைப் போட வேண்டும். அவற்றை வரைபடத்தின் மீது கோல்களை நகர்த்தியே தீர்த்துவிடும் கருவி அது. 1921இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1925இல் கிடைத்தது. கணக்கிடும் பெண்களின் அறைக்குள்ளிருந்து, அந்த அறையின் சலிப்பைத் தெரிந்த ஒருவர் செய்த கருவி என்பதால் இது எனக்கு முக்கியமாகப்படுகிறது.

அப்போதும் பொறியாளர் பதவி வரவில்லை. 1921இல் அவர் வேலையை விட்டுவிட்டு, கான்ஸ்டான்டினோபிள் மகளிர் கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கப் போனார். போர் முடிந்து நேசநாட்டுப் படைகளின் பிடியில் இருந்த நகரம் அது. மறு ஆண்டு அவர் திரும்பியபோது ஜெனரல் எலெக்ட்ரிக் அவரை மின்பொறியாளராகவே பணியமர்த்தியது.

வாழ்க்கைக் குறிப்புகளில் இந்த ஓராண்டு ஒரு பயண அனுபவம்போல வந்துபோகிறது. நான் இதை ஒரு வெளிநடப்பாக வாசிக்கிறேன். அவருக்கு இன்னொரு கதவு இருந்தது, ஆசிரியர் வேலை. முதல் முறை கூண்டாக இருந்த அதே வேலை, இரண்டாம் முறை வெளியேறும் வழியாக ஆயிற்று. ‘நீங்கள் தராவிட்டால் நான் போகிறேன்’ என்று சொல்ல ஒரு பெண்ணுக்குப் போவதற்கு ஓர் இடம் வேண்டும்.

அதே சமயம், எழுந்து போக முடியாதவர்களையும் நினைத்துக்கொள்ள வேண்டும். வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் பிரிட்டன் 1985இல் கிளார்க் பற்றி எழுதிய கட்டுரையின் தலைப்பு, கம்ப்யூட்டர் என்பதிலிருந்து மின்பொறியாளர் என்பது வரை நீளும் ஒரு வாழ்க்கையைச் சொல்கிறது. மறக்கப்பட்டுக்கொண்டிருந்த ஒருவரை மீட்டெடுத்த கட்டுரை என்ற வகையில் அதற்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் அந்தத் தலைப்பு ஓர் ஏணியை வரைகிறது. ஏணியின் அடியில் ஓர் அறை இருக்கிறது. அந்த அறையில் கிளார்க்கின் மேற்பார்வையில் கணக்கிட்ட பெண்கள் இருக்கிறார்கள். அவர்களின் விடைகளைக் கொண்டுதான் டர்பைன்கள் வடிவமைக்கப்பட்டன. ஏறிப்போனவரின் பெயர் நமக்குத் தெரியும். ‘முதல் பெண்’ வரலாற்றில் அந்த அறைக்கு இடமில்லை.

*

இப்போது என்னைப் போன்றவர்களின் குறையைச் சொல்ல வேண்டும். பெண் விஞ்ஞானிகளைப் பற்றி நாம் எழுதும்போது தடைகளை விரிவாக எழுதுகிறோம், விருதுகளைப் பட்டியலிடுகிறோம். நடுவில் இருக்கும் வேலையை ஒரு வரியில் தாண்டிவிடுகிறோம். ஒரு பெண் கவிஞரைப் பற்றிக் கட்டுரை எழுதி, அவர் கவிதையைப் பற்றி ஒன்றுமே சொல்லாமல் முடித்தால் நான் சும்மா இருப்பேனா? கிளார்க் என்ன செய்தார் என்பதை அண்ணன் மகளிடம் மூன்று நாள் பாடம் கேட்டேன். புரிந்த அளவில் சொல்கிறேன்.

‘மும்முனை மின்சாரம்’ என்று செய்தியில் கேட்கிறோம். மூன்று கம்பிகளில் மின்னோட்டம் ஏறி இறங்குகிறது. மூன்றும் ஒரே நேரத்தில் அல்ல. ஒவ்வொன்றும் மற்றதைவிடச் சுற்றில் மூன்றில் ஒரு பங்கு பின்தங்கி. எல்லாம் சமநிலையில் இருந்தால் எந்தக் கணத்திலும் மூன்றையும் கூட்டினால் சுழியம்தான் வரும். ஆக, இரண்டு தெரிந்தால் மூன்றாவதும் தெரிந்துவிடும். சிக்கல் வருவது சமநிலை குலையும்போது. மரம் விழுந்து ஒரு கம்பி மண்ணைத் தொட்டுவிட்டது. மூன்றும் மூன்று விதமாக நடந்துகொள்கின்றன. ஒன்றின் மாற்றம் மற்றதைப் பாதிக்கிறது. இதை எப்படிக் கணக்கிடுவது? சமனற்ற மூன்றைச் சமச்சீரான தொகுதிகளாகப் பிரிக்கும் ஒரு வழியை 1918இல் சார்லஸ் ஃபோர்டெஸ்க்யூ தந்தார். கிளார்க் அதிலிருந்து இன்னொரு வழியை வளர்த்தெடுத்தார். மூன்று கம்பிகளின் அளவுகளை, ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு அச்சுகளின் மீதும், மூன்றுக்கும் பொதுவான ஒரு பகுதியாகவும் மாற்றி எழுதினார். கற்பனை எண்கள் தேவைப்படாத சாதாரண எண்களைக் கொண்டே மாற்றலாம். ஆல்ஃபா, பீட்டா, சுழியம் என்று அவற்றுக்குப் பெயரிட்டார். தன் பெயரை வைத்துக்கொள்ளவில்லை. ‘கிளார்க்’ என்பது பின்னால் வந்தவர்கள் சூட்டியது. இன்று மின்வாகனத்தின் மோட்டாரைக் கட்டுப்படுத்தும் கருவியிலும், சூரிய மின்சாரத்தை மும்முனை மின்கட்டமைப்பில் சேர்க்கும் இன்வெர்ட்டரிலும் இந்த மாற்றம் ஓயாமல் நடந்துகொண்டிருக்கிறது.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், தொலைதூர மின்தடங்களின் நிலைத்தன்மை. 1920களில் நீர்மின் நிலையங்கள் எங்கோ மலையில் இருந்தன; மின்சாரம் வேண்டிய நகரங்கள் எங்கோ இருந்தன. ஒரு தடத்தில் எவ்வளவு மின்சாரத்தைத் தள்ளலாம்? எந்த எல்லையைத் தாண்டினால் இரு முனைகளிலும் உள்ள இயந்திரங்கள் ஒத்திசைவு இழக்கும்? 1926இல் அவர் வாசித்த ஆய்வுரை இதைப் பற்றியது. 1941இல் செல்டன் கிராரியுடன் சேர்ந்து எழுதிப் பரிசு பெற்ற கட்டுரையும் இதைப் பற்றியதே. பதினைந்து ஆண்டுகள் ஒரே கேள்வியோடு இருந்திருக்கிறார். ‘முதல் பெண்’ பட்டியலில் இந்தக் கேள்வி தென்படுவதே இல்லை.

1943இல் அவருடைய நூலின் முதல் தொகுதி வந்தது. மாறுதிசை மின்னமைப்புகளின் சுற்றுப் பகுப்பாய்வு பற்றியது. இரண்டாம் தொகுதி 1950இல். ஜெனரல் எலெக்ட்ரிக் பொறியாளர்களுக்கு அவர் எடுத்த விரிவுரைகளின் குறிப்புகளிலிருந்து வளர்ந்த நூல். இந்த வரியைப் படித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பேராசிரியர் என்று யாரும் அழைக்காத காலத்திலேயே அவர் ஆண் பொறியாளர்களுக்குப் பாடம் நடத்தியிருக்கிறார். பட்டியலில் வராத வகுப்பறை இது. ஒரு தலைமுறையின் பாடநூல் பிறந்தது இங்கேதான்.

*

கடைசி வகுப்பறை ஆஸ்டின் நகரில். 1945இல் ஜெனரல் எலெக்ட்ரிக்கிலிருந்து ஓய்வு பெற்று மேரிலாந்தில் பண்ணை வாங்கிக் குடியேறியவர், இரண்டே ஆண்டில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். முனைவர் பட்டம் இல்லை. ஆனால் துறையே படித்த பாடநூல் அவருடையது. பத்தாண்டுக்கு நெருக்கமாகக் கற்பித்தார். ஆசிரியர் வேலை என்ற ஒன்றே முதலில் கூண்டாகவும் பின்பு புகலிடமாகவும் இருந்து, இங்கே அதிகாரமாக ஆயிற்று. இந்த மூன்றும் ஒரே வேலைதான் என்பதை ‘முதல் பெண் பேராசிரியர்’ என்ற தொடர் மறைத்துவிடுகிறது.

1948இல் பல்கலைக்கழக மாணவர் இதழுக்குப் பேசியபோது அவர் சொன்ன ஒரு கருத்து அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. பெண் மருத்துவர்களுக்கு இருப்பதுபோல் பெண் பொறியாளர்களுக்கென்று தனித் தேவை எதுவும் இல்லை; ஆனால் வேலையை நன்றாகச் செய்யத் தெரிந்த எவருக்கும் எப்போதும் தேவை இருக்கிறது என்றார். கல்லூரிச் சுவர்களில் எழுதிவைக்கத் தோன்றும் வாசகம். அவர் மீதான மதிப்பு குறையாமலே நான் இதை மறுக்கிறேன். இதை மறுக்கும் சாட்சி அவருடைய வாழ்க்கையேதான். 1919இல் அவர் வேலையை நன்றாகச் செய்யத் தெரிந்தவர்தான். தேவை எங்கே இருந்தது? தனியாக ஏறி வந்தவர்களுக்குத் திறமையே வழி என்று தோன்றுவது இயல்பு. நம் தலைமுறையிலும் “நான் யாரிடமும் பெண் என்று சலுகை கேட்டதில்லை” என்று சொல்லும் மூத்த பேராசிரியைகளைப் பார்க்கிறோம். அந்தச் சொல்லில் பெருமிதம் இருக்கிறது, வலி இருக்கிறது. அறையில் தங்கிவிட்டவர்களின் மீதான ஒரு தீர்ப்பும் அதில் ஒளிந்திருக்கிறது.

அதே வளாகத்தை இன்னொரு பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். கிளார்க் ஆஸ்டினுக்கு வந்த 1947இல், ஹெமன் ஸ்வெட் என்ற கறுப்பினத்தவர் அதே பல்கலைக்கழகத்தின் மீது வழக்கு நடத்திக்கொண்டிருந்தார். முந்தைய ஆண்டு சட்டப் படிப்புக்கு விண்ணப்பித்த அவரை நிறத்தைக் காரணம் காட்டி மறுத்திருந்தார்கள். 1950இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. இளநிலைப் படிப்பில் கறுப்பின மாணவர்கள் சேர்க்கப்பட்டது 1956இல்தான். கிளார்க் அங்கே கற்பித்த ஆண்டுகளில் பெரும்பகுதியும் அவருடைய இளநிலை வகுப்புகளில் ஒரு கறுப்பினப் பெண் உட்கார்ந்திருக்க வழியே இல்லை. ஒரு வெள்ளைப் பெண்ணுக்குத் திறந்த கதவின் அகலம் அவ்வளவுதான். சாதி பார்த்துத் திறக்கும் கதவுகளை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

*

கிளார்க்கின் முதல் தொகுதி வெளியான அதே 1943இல், சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் அ. லலிதா மின்பொறியியலில் பட்டம் பெற்றார். பதினெட்டு வயதில், கைக்குழந்தையோடு கணவனை இழந்தவர். அதே கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியராக இருந்த தந்தை போராடி இடம் வாங்கித் தந்தார். பட்டச் சான்றிதழில் ஆண்பாலில் அச்சாகியிருந்த பிரதிப்பெயரை அடித்துவிட்டுப் பெண்பாலில் திருத்தி எழுத வேண்டியிருந்தது என்பார்கள். பின்னாளில் கல்கத்தாவில் மின்தடங்களின் வடிவமைப்பில் வேலை செய்தார். பக்ரா நங்கல் அணைத் திட்டத்திலும் அவர் உழைப்பு உண்டு. 1964இல் நியூயார்க்கில் நடந்த முதல் சர்வதேசப் பெண் பொறியாளர், விஞ்ஞானிகள் மாநாட்டுக்குப் போனார். கிளார்க் இறந்து அப்போது ஐந்தாண்டுகள் ஆகியிருந்தன. ஒருவருக்குச் சொந்தச் சொத்து வழிவிட்டது. மற்றவருக்குத் தந்தையின் பதவி. இரண்டும் இல்லாத பெண்கள் எத்தனை பேர் கணக்கிடும் அறைகளிலேயே தங்கினார்கள் என்பதை ‘முதல்’ என்ற சொல் ஒருபோதும் கேட்காது. லலிதாவைப் பற்றிய குறிப்புகளும் அந்தச் சொல்லில்தான் தொடங்குகின்றன. அவர் வடிவமைத்த மின்தடம் எது, அதில் என்ன சிக்கல், எப்படித் தீர்த்தார் என்று எழுத வேண்டியவர்கள், மின்னியலும் தமிழும் தெரிந்த இன்றைய மாணவிகள். நாளை யாராவது அவர்களைப் பற்றி எழுத வரும்போதும் முதலில் இதையே கேட்க வேண்டும்.

இந்தக் கட்டுரையின் முதல் படியை அண்ணன் மகளிடம் படிக்கக் கொடுத்தேன். சிவப்பு மையில் இரண்டு இடங்களைத் திருத்தினாள். இரண்டும் ஆல்ஃபா, பீட்டா விளக்கத்தில். சுழியக் கூறைப் பற்றி நான் எழுதியிருந்தது தவறாம். ‘முதல் பெண்’ பற்றிய பகுதியில் ஒரு கோடும் போடவில்லை. “அது சரியா இருக்கா?” என்று கேட்டேன். “அது இருக்கட்டும் அத்தை, அவங்க நிலைத்தன்மை பத்தி எழுதுன அந்த 1941 கட்டுரை எங்க கிடைக்கும்?” என்றாள்.